சத்தம் குறைந்த மாடல்

எனக்கு இரைச்சல் ஆகாது, ஐயா. அதனால்தான் நாலு கடை ஏறி இறங்கி, சத்தம் குறைந்த ஜெனரேட்டராகப் பார்த்து வாங்கினேன். சக்கரம் வைத்தது. பிரயாணப் பெட்டி மாதிரி தள்ளிக்கொண்டே வந்துவிடலாம்.

மச்சானுக்கு நடந்தது விபத்தா என்று கேட்கிறீர்கள். முதலிலிருந்தே சொல்கிறேன்.

கடைக்காரர் விவரமான மனிதர். "மனுஷங்க இருக்கிற வீட்டுக்குள்ள இதை ஓட்டாதீங்க சார். புகையில ஒரு வாயு இருக்கு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, ஆளையே தூக்கிடும். மழையிலயும் நனைய விடாதீங்க, ஷாக் அடிக்கும்" என்றார். அந்த வாயு வந்தால் கத்துகிற அலாரம் ஒன்றையும் கையில் கொடுத்தார். "ஆளுங்க எங்க இருக்காங்களோ அங்க மாட்டணும்."

நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவன்.

அன்றைக்குப் புயல் மழை. கரண்ட் போய்விட்டது. வீட்டில் நான், மனைவி, அவளுடைய அண்ணன். மச்சான் இரண்டு நாள் தங்கிப் போக வந்தவர்; வந்தது போன மழைக்காலத்தில். ஜெனரேட்டரை வெளியே வைத்தால் நனையும். உள்ளே வைக்கலாமென்றால் மனிதர்கள் இருக்கிறார்கள். நிதானமாக யோசித்தேன். மனிதர்களை வெளியே வைத்துவிட்டால் சிக்கலே இல்லை.

ஹாலில் ஜெனரேட்டரை நிறுத்தி, டிவிக்கு ஒயர் கொடுத்தேன். நாற்காலிகளை வெளியே, வாசல் முற்றத்தில் போட்டேன். இருந்த ஒரே குடையின் கம்பியில் அலாரத்தைத் தொங்கவிட்டேன். ஆட்கள் இருக்கும் இடம் அதுதானே. கடைசி வரை அது வாயே திறக்கவில்லை. அவ்வளவு பாதுகாப்பு.

"மெஷினைத் தூக்கி வெளிய வைங்களேன்" என்றாள் மனைவி.

"நனைஞ்சா ஷாக் அடிக்கும்னு சொன்னாரே."

"நாங்க நனைஞ்சா?"

"அதப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலை."

அவள் எழுந்து எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். மச்சான் போகவில்லை. அவர் எங்கேயும் போகிற ஆள் இல்லை. பேசிக்கொண்டே இருப்பார். பேசாத நேரத்தில் பாடுவார், பாடாத நேரத்தில் குறட்டை.

"என்ன மாப்ளே, மெஷினுக்கு வீடு, மச்சானுக்கு மழையா? இன்னும் கொஞ்ச நேரத்துல அதுக்குத் தாலாட்டுப் பாடுவீங்க போல" என்று சிரித்தபடி எழுந்தார். "நான் உள்ள போய்ப் படுக்கறேன்."

"உள்ள ஆளு இருக்கக் கூடாது மச்சான்."

நான் இதைச் சொன்னேன், குறித்துக்கொள்ளுங்கள்.

"இந்த வீட்டுல என்னை யாரு ஆளா மதிச்சா?" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

அவர் வாயாலேயே சொன்ன பிறகு எனக்குத் தயக்கம் இல்லை. ஜெனரேட்டர்மேல் சாரல் அடிக்கக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தினேன். கண்டவர்களையும் கிட்டே விடாதீர்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால், கதவை வெளியே பூட்டினேன்.

நீங்கள் சொல்வது சரிதான். அதற்குள் மழை நின்றிருந்தது. சாரலும் இல்லை. ஜெனரேட்டரை வெளியே தள்ளி வந்திருக்கலாம், சக்கரம் இருக்கிறது. தரை ஈரமாக இருந்ததே, ஐயா.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து கதவு தட்டும் சத்தம். "மாப்ளே, தலை சுத்துது. தொறங்க." சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதைத் தொட்டுக்கூடப் பார்த்துக்கொண்டேன். தட்டுவது மெல்லக் குறைந்தது. அப்புறம் நின்றது.

எனக்கும் அவருக்கும் எந்தப் பகையும் கிடையாது. நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஐயா. ஜெனரேட்டர் ஓடுவதே காதில் விழவில்லை. அந்த வீட்டில் நான் அவ்வளவு அமைதியாக உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.