பாலை உடும்புக்கு ஒரு சாட்சி

இந்த ஊர் மழை எனக்கு ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இத்தனை வருடமாகியும் நெஞ்சுச் சளி விட்டபாடில்லை. என் நிலையே இப்படியென்றால், மழையே காணாத பாலையில் பிறந்த ஒரு பிராணி இங்கே என்ன பாடுபட்டிருக்கும்? முதலில் அதை இன்ஸ்பெக்டர் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

ஆஸ்திரேலியாவிலிருந்து குதிரை ஏற்றிவந்த கப்பலில் அது வந்தது. நீளம் ஓர் ஆளைப்போல இரண்டு மடங்கு. உடும்பு என்று சொன்னோமே தவிர, அப்படியோர் இனம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆம்ப்ரோஸ் என்பவன் அதை வாங்கி, சிராங்கூன் சாலை மாட்டுப்பட்டிக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் வைத்து வேடிக்கை காட்டினான். அவனுக்கு அது பிழைப்பு. துறைமுகக் கந்தோரில் கிளாக்கராயிருந்த எனக்கு அது வேறு. வேலை முடிந்ததும் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மூக்கு மட்டும் தெரிய மணலுக்குள் புதைந்து கிடக்கும். தண்ணீர் குடிக்காது, இரையின் இரத்தமே போதும். இரையைத் துரத்துவதும் இல்லை. ஒருமுறை கடித்து, விட்டுவிடும். கடிபட்ட ஆடு சாதாரணமாக நடக்கும், புல்லும் மேயும். பிறகு கால் தள்ளாடும். அதுவரை பொறுமையாகப் பின்னாலேயே போகும். அவ்வளவு மரியாதையான விலங்கை நான் கண்டதில்லை.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி இங்குள்ள ஒரு விஞ்ஞானச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். செயலாளர் துரை என்னை உட்காரச் சொல்லவில்லை. "உடும்புக்கு ஏது விஷம்? ஆடு எதனாலும் சாகும். கடிபட்ட மனிதனைக் கண்டிருக்கிறாயா, கிளாக்கர்?" என்றார். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். கேள்வி நியாயமானதுதான். நான் கண்டிருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆம்ப்ரோஸ் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து மணல் மாற்றினான். உடும்பின் கழுத்துக் கயிற்றைப் பிடித்திருப்பது என் வேலை. அது அவன் முன்கையில் கடித்தது.

"வலிக்கவே இல்லண்ணே. பல்லு பட்டிருச்சு, அவ்ளோதான்," என்று சிரித்தான்.

"ஒண்டுமில்லைத் தம்பி. கழுவிப்போட்டு வீட்டை போ," என்றேன்.

கடிவாயை உடனே சூட்டுக்கோலால் சுட்டால் விஷம் ஏறாது. ஓர் ஆட்டை நான் அப்படித்தான் பிழைக்கவைத்தேன்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். நாக்குத் தடித்திருந்தது. இமையைத் தூக்க முடியவில்லை. அவன் மனைவி பிலோமினம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"டாக்டரக் கூட்டியாரட்டுமாண்ணே? நீங்க சொன்னா சரி."

"வெறும் குளிர்காய்ச்சல், தங்கச்சி. நித்திரை கொள்ளட்டும்."

டாக்டர் வந்திருந்தால் ஏதாவது மருந்தைக் கொடுத்து எல்லாவற்றையும் குழப்பியிருப்பார். நான் ஆம்ப்ரோஸை விட்டு நகரவில்லை. நாடி பார்த்தேன், உதட்டை நனைத்தேன். கடைசிவரை அவனுக்கு நினைவு இருந்தது. ஆடுகளிடம் இதைத் தெரிந்துகொண்டிருக்க முடியாது. பேச முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சங்கத்துத் துரை இனிச் சிரிக்கட்டும்.

கயிறு கைநழுவியதா என்று கேட்கிறீர்கள். இல்லை. நானே தளர்த்தினேன்.

ஆனால் அவனுக்கு நான் துரோகம் செய்யவில்லை. அந்த இனத்துக்கு லத்தீன் பெயர் வைக்கும் உரிமை என்னுடையது. என் பெயரையே வைத்திருக்கலாம். ஆம்ப்ரோஸின் பெயரைத்தான் வைத்தேன். அடக்கம் முடிந்த கையோடு, நடந்ததை விளக்கிப் பிலோமினம்மாளிடம் அதைச் சொன்னேன். முகத்தில் துப்பிவிட்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறார். துக்கத்தில் இருக்கிறவர், பாவம். இதைப்பற்றி நான் எழுதும் புத்தகம் அச்சானதும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். சந்தோஷப்படுவார்.