நீட்டி வெச்ச பிடி

...லேகியமா? லேகியமெல்லாம் இங்க இல்ல நைனா! இன்னிக்கு நீ மூணாவது ஆளு. காலைல ஒர்த்தன் மாதவரத்துலேர்ந்து மாட்டு வண்டி புட்ச்சிகினு வந்துட்டான், "பரசுராமன் துன்ன லேகியம் எங்க கெடைக்கும்"னு. வெளிய போர்டு கீது பாரு. வால்டர் தொரை பட்டறை. விஞ்சு ரிப்பேரு, பம்பு ரிப்பேரு, லேத்து வேல. அதுல எங்கனா லேகியம்னு எய்திகீதா?

சரி, வந்ததுதான் வந்துட்ட, குந்து. நீ நிக்கற நெலையே சரியில்ல. அந்த டப்பா மேல குந்து. ஐய, அது கிரீஸு! தோ, அது. எங்க லேத்து அத்தாவுல்லா பாய் வரட்டும், பலம் போன ஒன் கைய பாத்து எதுனா சொல்லுவாரு. வெள்ளிக்கெயம இல்ல, தொயுகைக்குப் போய்கீறாரு. மத்தவனுங்க சோத்துக்குப் போய்ட்டானுங்க.

அக்காங், அந்தப் பரசுராமன் நான்தான். இன்னா அப்டி பாக்கற? ஆளு பெருசா இருப்பான்னு நெனச்சியா? இருந்தேம்பா! ஹார்பர்ல மூட்ட தூக்கற எந்த விஞ்சுல நெட்டு துருப்புட்ச்சாலும் "பரசுராமன இட்னு வா"ன்னுதான் ஆளு வரும். நான் போயி ஒரு முக்கு முக்குவேன், நெட்டு வந்துடும். ரெண்டு வாட்டி நெட்டு வரல, விஞ்சே வந்துட்ச்சு. அது வேற விசயம்.

போன ஐப்பசில டைபாய்டு சொரம் வந்துச்சு. நாப்பது நாளு ஆஸ்பத்திரி. கஞ்சி, கஞ்சி, கஞ்சி... திரும்பி வந்து பட்டறை வாசல்ல ஒரு சோடா வாங்கறேன். கோலிய அமுக்கறேன், உள்ள போவல. ரெண்டு கட்ட வெரலயும் வெச்சி அமுக்கறேன். கோலி என்னப் பாத்து முய்ச்சிகினு கீது. சோடாக்காரன் பொண்டாட்டி, நெற மாச புள்ளத்தாச்சி, வந்து ஒத்த வெரல்ல டப்புன்னு அமுக்கிட்டுப் போறா! எனக்கு சோடாவே எறங்கல.

வால்டர் தொரையும் அத்த பாத்துட்டாரு. என்னக் கூப்ட்டு, "பரசு, பொங்கல் வரைக்கும் பாக்கலாம் மேன். கை சரியாவலன்னா நீ கேட்டாண்ட ஸ்டூல் போட்டு குந்திக்கோ. வாட்ச்மேன் வேல"ன்னாரு. நல்ல மன்சன்பா, அதான் பேஜாரு. கெட்டவனா இருந்தா சண்டயாவது போட்டிருப்பேன். நெனச்சிப் பாரு, என் வைஸாண்ட, அதான் இரும்ப இறுக்கி வெக்கற சாமான், எவனோ ஒர்த்தன் நின்னு வேல செய்வான், நான் அவனுக்கு சலாம் போட்டு கேட்டு தொறக்கணும். மூணு நாளு சோறு துன்னல நானு.

அப்பதான் மூலக்கொத்தளத்துல ஒரு வைத்தியன் கீறான்னு சொன்னாங்க. ஒரு ஞாயித்துக்கெயம போறேன், சுடுகாட்டு மதிலாண்ட கடை போட்டுகீறான். சுடுகாட்டாண்ட கடை போட்ட வைத்தியன நம்பலாமான்னு நீ கேப்ப. நானும் கேட்டேன். "இங்க வர்றவங்கல்லாம் என் லேகியத்த துன்னாதவங்க"ன்னான். நாயமாத்தானே கீது? வாங்கிகினேன்.

தார் மாரி கருப்பு. வாயில போட்டா ஒரு மணி நேரத்துக்கு நாக்கு நம்மளுது இல்ல. கோலி சைஸு ஒரு உருண்ட துன்னுட்டு, திங்கக்கெயம காலைல பட்டறைக்கு வர்றேன். வைஸு பிடிய புட்ச்சி ஒரு சுத்து சுத்தறேன்... இரும்ப கபால்னு கவ்விகிச்சுபா! சுத்திய தூக்கறேன், பஞ்சு மாரி மேல போவுது. அரத்த வெச்சா அதுவே போவுது, அதுவே வருது, நான் சொம்மா கூடப் போய்ட்டு வர்றேன். ஸ்பானர மாட்டி இயுத்தா நெட்டு "வந்தேன் சாமி"ன்னு வருது.

கண்ணுல தண்ணி வந்துட்ச்சு எனக்கு. பக்கத்து லேத்துல நம்ம பாய். தண்டையார்பேட்ட ஆளு, இருவது வருசமா பக்கத்துலயே நிக்கறாரு. ஒரு நாளைக்கு பத்து வார்த்த பேசுவாரு, அதுல அஞ்சு டீக்கடைக்காரன்ட்ட போய்டும். "பாய், பலம் வந்துட்ச்சு பாய்!"ன்னேன். "நல்லது பரசு"ன்னுட்டு திரும்பிகினாரு. அவ்ளோதான்! அந்த மூஞ்சில ஒரு அசைவு இல்ல.

அப்பால கேக்கணுமா? காலைல ரெண்டு உருண்ட, சாங்காலம் ரெண்டு உருண்ட. டிராம்ல ஏறினா பக்கத்துல குந்தினவன்ட்ட லேகியத்த பத்தி சொல்லுவேன். காசிமேட்டுல மீன் வாங்கப் போனா சொல்லுவேன். ராயபுரத்துல சொல்லாத எடமே இல்ல. நீ இங்க வந்து குந்திகினு கீறது அதனாலதான். யாரக் கொற சொல்றது... பட்டறைல அத்தினி பேரும் வாங்கித் துன்னானுங்க. தொரைகூட முட்டி வலின்னு ஒரு டப்பா. எல்லாருக்கும் கருப்பு நாக்கு. ஒரு நாளு ஹார்பர் ஆபீசரு ஒர்த்தரு வந்தாரு, நாங்க எல்லாரும் சலாம் போட்டு சிரிச்சோம். அவரு மூக்குல கைக்குட்டய வெச்சிகினு போய்ட்டாரு.

வூட்டுலதான் தகராறு. பட்டறைல இரும்ப வளைக்கறவன், வூட்டுல கொடம் தூக்க முடில. ஊறுகா ஜாடி மூடிய தொறக்க முடில. என் சம்சாரம் மங்க கேக்கறா, "இன்னாயா, பட்டறைல பீமன், வூட்டுல பிஸ்கோத்தா?" நான் நேரா வைத்தியனாண்ட போயிட்டேன். அவன் அசரல. "இது இரும்புச் சத்து லேகியம். இரும்புல மட்டுந்தான் வேல செய்யும். கொடம் பித்தள"ன்னான்.

சரியாத்தானே கீது? வந்து மங்கையாண்ட சொன்னேன். அவ தோசைக்கல்ல எட்த்து என் கையில குட்த்தா. பொத்துன்னு கால் மேல போட்டுகினேன். மறுபடி ஓடறேன் வைத்தியனாண்ட, நொண்டிகினு. "தோசைக்கல்லு வார்ப்பிரும்பு. அதுக்கு வேற லேகியம்"ன்னான். வாங்கிகினு வந்தேன்.

சிரி, சிரி. நானும் இப்ப சிரிக்கறேன். அப்ப சிரிக்கல.

பொங்கலுக்கு நாலு நாளு முந்தி தொரை வந்து என் வைஸாண்ட நின்னு பாத்தாரு. நான் ஜோரா வேல செய்றேன். "வெரி குட் மேன்!"னு தோள்ல தட்னாரு. ஸ்டூலு பேச்சு போயே போச்சு.

பொங்கல் முடிஞ்சி எண்ணூர் உப்பளத்துலேர்ந்து ஆளு வந்துச்சு. உப்புத்தண்ணி எறைக்கற பம்பு நின்னுபோச்சாம். தொரை என்னதான் அனுப்பினாரு. நான் வண்டில ஏறசொல்ல பாய் ஓடி வர்றாரு. அந்த மன்சன் ஓடி நான் பாத்ததே இல்ல. என் ஸ்பானர கோணில சுத்தி எட்த்துகினு வந்து, "பரசு, இத்த எட்த்துகினு போ"ன்றாரு. "கை இருக்கசொல்ல ஸ்பானரு எதுக்கு பாய்? அவங்ககிட்ட இல்லாததா?"ன்னுட்டு போய்ட்டேன்.

உப்பளத்துல நாப்பது பேரு வேலைய வுட்டுட்டு வந்து சுத்தி நின்னுகினாங்க. பேரு கேள்விப்பட்டுகீறாங்க இல்ல! அவங்க ஸ்பானர வாங்கி நெட்டுல மாட்னேன். ஒரு இயுப்பு. ஒண்ணும் இல்ல. ரெண்டு இயுப்பு. நெட்டு அசையல, நான்தான் அசையறேன். "ஸ்பானரு சரியில்ல"ன்னேன். வேற குட்த்தாங்க. அதுவும் சரியில்ல. மடில இருந்த லேகிய டப்பாவ எட்த்து, மிச்சம் இருந்தது அத்தினியும் வய்ச்சி துன்னுட்டேன். ஸ்பானர்ல தொங்கினேன். ஏறி நின்னேன். ஏறி நின்னு குதிச்சேன் நைனா... வய்க்கி, பாத்தில வுய்ந்தேன். உப்புத்தண்ணில. வெள்ள வேட்டி, கருப்பு வாயி.

யாரும் சிரிக்கல. அது இன்னும் மோசம்.

குணசுந்தரின்னு ஒரு பொம்பள, உப்பு வார்றவ, கிட்ட வந்தா. கீய கெடந்த தண்ணி போற இரும்புக் குயா ஒண்ண எட்த்து ஸ்பானர் வாலுல சொருவினா, பிடி நீளமாய்ட்ச்சு. ஒத்தக் கையால இப்டி ஒரு தள்ளு. நெட்டு வந்துட்ச்சு. "அண்ணே, நெட்டு மாசா மாசம் நான்தான் கயட்டறேன். உள்ள வால்வு பாக்கத்தான உங்கள கூப்ட்டாங்க"ன்றா!

வால்வு போட்டேன். அது எனக்கு கண்ண மூடிகினு வரும், அஞ்சு நிமிசம். பம்பு தண்ணி கக்குது, எல்லாரும் கை தட்றாங்க. எனக்கு காதுல வியல. அந்த குயாவயே பாத்துகினு கீறேன். பட்டறைல என் ஸ்பானருகூட இந்த நீளம்தானே கீது... எப்பலேர்ந்து?

நேரா பட்டறைக்கு வந்தேன், ஈர வேட்டியோட. வைஸு பிடிய மொயம் போட்டேன். முந்தி ஒரு மொயம். இப்ப ரெண்டர! சுத்திக்கு தல சின்னது, பிடி நீளம், கைக்கு தோதா டயரு டியூபு சுத்திகீது. அரத்துக்கு மேல உத்தரத்துல கப்பி, கயிறு, அந்தாண்ட எடக்கல்லு. அரத்தோட கனத்த அந்தக் கல்லு புட்ச்சிகினு கீது. "ரெண்டு மாசமா தல மேல கப்பி தொங்குது, நீ பாக்கலயா?"ன்னு கேக்காத. பாத்தேன். தொரை மணி கட்டப் போறாருன்னு நெனச்சேன்.

எல்லாம் பாய் பண்ண வேல. ஆஸ்பத்திரிக்கு தெனம் வருவாரு, வந்து என் கைய புட்ச்சி அமுக்கிட்டுப் போவாரு. பாசம்னு நெனச்சேன். கை எவ்ளோ புடிக்குதுன்னு அளவு எட்த்துகீறாரு மன்சன்! நான் மூலக்கொத்தளத்துல லேகியம் வாங்கின அதே ஞாயித்துக்கெயம, இங்க தனியா நின்னு அத்தினியும் மாட்டிகீறாரு.

எனக்கு வந்துச்சு பாரு கோவம்! "நான் இன்னா நொண்டியா? என்ன கேக்காம என் சாமான்ல எப்டி கைய வெச்ச?"ன்னு கத்திட்டு, எல்லா பிடியயும் பயய அளவுக்கு அறுக்கறதுன்னு ரம்பத்த எட்த்தேன். இரும்பு அறுக்கற ரம்பம். அதுகூட பாய் எனக்குன்னு மாத்தி வெச்ச ரம்பம்தான், அது இல்லன்னா என்னால அறுக்க முடியாது. மத்தியானம் பூரா பாய் குட்த்த ரம்பத்தால பாய் போட்ட பிடிய அறுக்கறேன். அவரு கைய கட்டிகினு பாத்துட்டு, "பிளேடு மயுங்கிப் போச்சு, வேற போடவா"ன்னாரு.

போட்டுக் குட்த்தாரு. அறுத்தேன். கடசில அந்த ரம்பத்த அறுக்கலாம்னு பாத்தா, அத்த அறுக்க வேற ரம்பம் இல்ல.

மறுநாளு வைஸு பிடிய புட்ச்சேன். அசையல. சுத்திய தூக்கினேன், மோவாய் வரைக்கும் வந்துச்சு. மூணு நாளு, நைனா, வைஸு முன்னால நின்னுகினு வேல செய்யற மாரி வாயால "டங்கு டங்கு"ன்னு சத்தம் போட்டுகினு இருந்தேன். தொரை ரூமு ஜன்னல்லேர்ந்து பாத்துகினே கீறாரு. பாய் என் பக்கமே திரும்பல.

நாலாம் நாளு தண்டையார்பேட்டைக்கு அவரு வூட்டுக்குப் போனேன். "ஏன் பாய் என்கிட்ட சொல்லல?"ன்னேன். "சொன்னா தொட்டிருப்பியா?"ன்னாரு. தொட்டிருக்க மாட்டேன். திரைக்கு அந்தாண்டேர்ந்து அவுங்க சம்சாரம் ஜன்னத்து பேசனாங்க. "இவருக்கே ஒம்போது வருசமா எடது தோளு தூக்காதுண்ணே. சட்டயே நான்தான் மாட்டி வுடறேன். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எப்டி தெரியும்?

ஒம்போது வருசம்பா. பக்கத்து லேத்து. தோ, அந்த உருண்ட இரும்பு கீதே, லேத்துல வேலய கவ்விப் புடிக்கறது, சக்குன்னு பேரு, பெரிய பொங்கப்பான கனம். அத்த அவரு தூக்க மாட்டாரு. பலகைல வெச்சி, முட்டிக்கால் குட்த்து, இப்டி உருட்டி ஏத்துவாரு. நான் அத்த ஸ்டைலுன்னு நெனச்சேன்! நானே ரெண்டு வாட்டி அந்த மாரி பண்ணிப் பாத்துகீறேன், கண்ணாடி இருந்தா நல்லா இருக்கும்னு.

மறுநாளு தொரையாண்ட நானே போனேன். "தொரை, கை வரல. பிடி நீளமா இருந்தா வேல வரும். வாணான்னா ஸ்டூல போடு"ன்னேன். அவரு வந்தாரு, அன்னிக்கு காலைல பாய் திருப்பி ஒட்ட வெச்ச பிடிய புட்ச்சி வைஸ ஒரு சுத்து சுத்தினாரு. நின்னாரு. இன்னொரு சுத்து. அப்பால சொம்மாவே ஒரு பத்து சுத்து. "எல்லா வைஸுக்கும் இப்டி போடு மேன்"னுட்டு ரூமுக்குப் போய்ட்டாரு. எனக்கு மட்டும் இன்னும் ஒரு இஞ்சு நீளம் வேணும்னு பாய்ட்ட சண்ட போட்டுகினு கீறேன், அது தனிக் கத.

இப்ப நீ வர்ற வரைக்கும் நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்? தோ பாரு, லேத்துக்கு மேல செவுத்துல ஒரு இரும்புக் கை. நுனில கப்பி வரும், சங்கிலி வரும். சக்க மாட்டி இயுத்தா தானா மேல போயிடும், தோளே வாணாம். பாய்ட்ட சொல்லல. சொன்னா வாணாம்பாரு. நாலு போல்ட்டுல ரெண்டு போட்டுட்டேன். மிச்சம் ரெண்டுக்கு அந்த இரும்புக் கைய தூக்கிப் புடிக்கவும் வேணும், போல்ட்ட முறுக்கவும் வேணும். என்னால ரெண்டும் முடில.

தொயுக வுட்டுகிச்சு போல, ரோட்ல ஆளுங்க வர்றாங்க. பாய் வர்றதுக்குள்ள முடிச்சிடணும், எய்ந்து வா நைனா, அந்த இரும்புக் கை நுனிய புடி. இன்னா... கையில புடி நிக்கலியா? அதுக்கின்னா, தோள்ல வாங்கிக்கோ. அக்காங், அப்டித்தான். கால அகட்டி வெச்சிக்கோ. நானும் இந்தாண்ட தோள் குட்த்துகினு போல்ட்ட முறுக்கறேன். வெக்கப்படாத, இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. ம்ம்... ஏறுது பாரு. ஏறுது, ஏறுது... வுட்டுடாத, ஒரு போல்ட்டு ஏறிட்ச்சு, இன்னும் ஒண்ணே ஒண்ணு... வாயத் தொறக்காத நைனா, பேசினா பலம் போயிடும்!