லூயிஸுக்கு வந்த போன்

பிற்பகல் மூன்று பத்து. எங்கள் தேயிலை ஆலை அலுவலகத்தில் அது டீ குடிக்கும் நேரம். போன் அப்போதுதான் வந்தது என்று போலீசிடம் சொன்னவன் நான். இரண்டாயிரமாவது ஆண்டு, பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாத காலம்.

யாரோ லூயிஸைக் கூப்பிட்டார்கள். அவர் எங்கள் டீமேக்கர், ஆலையில் தேயிலைத் தயாரிப்பு முழுவதும் அவர் பொறுப்பு. அவர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மறுநாள் கேத்தி சாலை வளைவுக்குக் கீழே பிணமாகக் கிடந்தார். பின்தலையில் அடி. உள்ளூர் அழைப்பு என்றேன். அதற்கெல்லாம் அப்போது பதிவு கிடையாது.

நான் ஆலையில் எழுத்தர். போனை எடுத்தவன் என்பதால் குன்னூரில் எனக்கு ஒரு மதிப்பு வந்தது. தினமும் ஆறுக்குட்டியின் பேக்கரியில் இதே பேச்சு.

“ஏனுங்க, கொரல் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ஆளை நாங்க புடிச்சுக் குடுத்தர்றோம்” என்றார் ஆறுக்குட்டி.

“உங்க ஊட்டுக் கோழியத் திருடுனவனை மொதல்ல புடிங்க” என்றார் மளிகைக்கடை இசக்கிமுத்து.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி நியாயமானது. குரல் இல்லாத போனை எத்தனை நாள் நம்புவார்கள்? சிலோன் பேச்சு மாதிரி இருந்தது என்றேன். யார் பெயரையும் சொல்லவில்லை.

சிலோனிலிருந்து வந்த எங்கள் தொழிலாளிகளில் லூயிஸோடு சத்தம் போட்டவர் வீரையா ஒருவர்தான். லீவு தரவில்லை என்று. அதை ஆறுக்குட்டி கண்டுபிடித்தார். போலீஸ் வீரையாவை மூன்று முறை அழைத்துப் போய், மூன்று முறையும் விட்டது. தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் யாரும் விடவில்லை.

லூயிஸ் நல்ல மனிதர். விலை ஏறும்வரை ஆலையை மூடலாம் என்று முதலாளிக்கு எழுதிய கடிதத்தை என்னிடம்தான் தட்டச்சுக்குக் கொடுத்தார். இருநூறு குடும்பங்கள். மாற்றி எழுதுங்கள் என்றேன். மறுத்தார். வளைவுவரை பேசிக்கொண்டே நடந்தோம். பேச்சு சரிவராவிட்டால் இருக்கட்டும் என்று குடைக்குள் இரும்புக் கம்பி வைத்திருந்தேன். அன்று போன் எதுவும் வரவில்லை.

ஆலை எப்படியும் சித்திரையில் மூடப்பட்டது. அது முதலாளியின் முடிவு.

போன வியாழக்கிழமை வீரையா பூச்சிமருந்து குடித்தார். அதில் என் பங்கு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். மருந்தை நான் ஊற்றிக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை உடலை லயத்தில் கொண்டுவந்து போட்டார்கள். தூக்க ஆள் வரவில்லை. கொலைகாரனுக்குத் தோள் கொடுக்க மாட்டோம் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அவர் மனைவி சின்னம்மை மழையில் நடந்து என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. அவள் அழவும் இல்லை.

“கிளாக்கரையா, அந்தக் கொரலக் கேட்டவுக நீங்க ஒராளுதான். நீங்க வந்து தோள் குடுத்தா மத்தவுக தானா வருவாக. வாறீங்களா?”