முதுகுப் பக்கமும் கேட்கும் மைக்

மலிவு மைக்குகளைப் பற்றி ஜனங்களுக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது, ஐயா. அவை கெட்ட மைக்குகள் அல்ல. உள்ளே கஞ்சத்தனம் பண்ணியிருப்பார்கள், அவ்வளவுதான். நல்ல கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றிப் போட்டு, தலைக்கூட்டின் உள்வலையை வெட்டி எடுத்தால் ஆளே மாறிவிடும். கண்டி மகியாவையில் இந்த வேலைக்கு இந்தச் சேதுராமனை விட்டால் ஆள் கிடையாது. எழுதிக்கொள்கிறீர்களா? நல்லது.

பக்கத்து வீட்டுப் பிரேமிளா அரசாங்கக் கந்தோரில் கிளார்க். வெள்ளிக்கிழமை மாலையில் பேஸ்புக் நேரலையில் பஜனை பாடுவாள். நாற்பது பேர் பார்ப்பார்கள். அதற்குத் தலை நிறையப் பூ. குரல் சுமார்தான். வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை.

போன மாதம் நாவலப்பிட்டியிலிருந்து சந்திரகுமார் வந்தான். பிரேமிளாவின் தங்கை கிருஷாந்தியின் புருஷன். ஒரு தடவை அவள் கையை உடைத்தவன். வீட்டைவிட்டு ஓடிவிட்டாள், இங்கே வந்தாளா என்று தெருவெல்லாம் கேட்டான். கண்டால் உயிரோடு விடமாட்டேன் என்று என் வாசலில் நின்றுதான் சொன்னான். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. அவன் சிரித்தான்.

"என்னண்ணே, ஊர்க்கதையெல்லாம் ஒங்ககிட்டதான் இருக்குன்னாங்க. பக்கத்து வீட்டுக் கதையே தெரியலையா?"

போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு இரண்டு நாள் சோறு இறங்க விடவில்லை.

மூன்று வாரம் கழித்து பிரேமிளா மைக்கைக் கொண்டுவந்தாள். ஒரே இரைச்சல் என்று, வீட்டில் பாடிப் பார்த்த பதிவு ஒன்றையும் கொடுத்தாள். ஹெட்போன் போட்டுக் கேட்டேன். இரைச்சலுக்கு அடியில், அவளுக்கு எதிரே மைக்கின் முதுகுப் பக்கத்திலிருந்து, இன்னொரு குரல். பஜனை தெரியும்தானே, ஐயா? ஒருத்தர் ஓர் அடி எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் பாடி வளர்ந்த பிள்ளைகள். அக்கா விடுகிற அடியை அந்தரத்தில் தொங்கவிட மனம் வராது. மெல்லமாக வாங்கிப் பாடியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன் அக்கா வீட்டில் பாடித் திரிந்த கிருஷாந்தியின் குரல் எனக்கு அடையாளம் தெரியாதா?

மூன்று வாரம். அவன் என் வாசலில் நின்று சிரித்தபோது அவள் என் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறாள். பிரேமிளாவுக்குக் காஸ் சிலிண்டர் தூக்கியவன் நான். அவள் அம்மா செத்தபோது பந்தல் போட்டவன் நான். பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். வீட்டில் விருந்தாளி யாரும் உண்டா?

"யாருண்ணே வரப்போறா? நான் ஒத்தையாத்தானே கெடக்கேன்" என்றாள், என் முகத்தைப் பார்த்தே.

சரி என்றேன். இரைச்சலைச் சுத்தமாக எடுத்தேன். கூடவே ஒரு சின்ன வேலை. அந்த மைக் முன்பக்கம்தான் கேட்கும்; முதுகுப் பக்கச் சத்தத்தைத் தள்ளிவிடும். உள்ளே குரலைப் பிடிக்கிற வட்டத்தின் பின்னால் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அதனால் அப்படி. துளைகளை டேப் ஒட்டி அடைத்தால் எல்லாப் பக்கமும் கேட்கும். அடைத்தேன்.

வெள்ளிக்கிழமை நேரலையில் அவள் பாடி முடித்ததும் அந்த லிங்கைச் சந்திரகுமாருக்கு அனுப்பினேன். 'பாட்டு நல்லா இருக்கு, கடைசி வரைக்கும் கேளுங்க.' வேறு ஓர் எழுத்து இல்லை.

சனிக்கிழமை காலையில் அவன் வந்தபோது பிரேமிளா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். சுவர் மெல்லியது, எல்லாம் கேட்டது. ஓடிப்போய்த் தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று இந்தத் தெருவே எனக்குப் பாடம் எடுத்திருக்கிறது. அந்த ஒரு நாள் கேட்டு நடந்தேன். கிருஷாந்தி "சேது அண்ணே, சேது அண்ணே" என்று கூப்பிட்டாள். மூன்று வாரம் ஞாபகம் வராத பெயர்.

பிறகு சத்தம் நின்றுவிட்டது. நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

நேற்று ஸ்டேஷனில் நீங்கள் அந்த வெள்ளிக்கிழமைப் பதிவைப் போட்டபோது கவனித்தேன். அந்தப் பிள்ளையின் குரல் ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு தெளிவு. ஊர்க்கதை பேசுகிறவன் என்று என்னைச் சொல்வார்கள், ஐயா. அவள் அங்கே இருப்பதை நான் ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.