விருந்தாளிக்கு வைத்த தண்ணீர்

காபி வேண்டாம் சார், வெளியில் எதையும் குடிப்பதில்லை. வயிறு அப்படிப் பழகிவிட்டது. நீங்கள் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. உங்கள் விசாரணை முடியும்வரை நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.

கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துவதுதான் என் ஆராய்ச்சி. கேட்டதும் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை விடுதிகளில் வெளியூர்த் தொழிலாளர்கள் குளித்ததும் துவைத்ததும் கழித்ததும் ஓடையில் நாறிக்கொண்டிருந்தது. அதைச் சுத்திகரித்துப் பக்கத்துச் சிற்றூர் ஏரியில் விட்டால் நிலத்தடி நீர் ஏறும், நெல் விளையும் என்று சொன்னேன். சொன்னபடியே நடந்தது. கோடையில் வெடித்துக் கிடக்கும் ஏரியில் சித்திரை மாதம் தண்ணீர் நின்றது. ஊர்க்காரர்கள் எனக்கு மாலை போட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஊர்க் குழாய்களுக்குத் தண்ணீர் வருவது ஏரிக்கரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. சோதனை முடியும்வரை குடிக்க மட்டும் லாரியில் வேறு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்தால் லாரி நின்றுவிடும். திட்டம் மற்ற ஊர்களுக்கும் போகும். முதல் தடவை ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் நானே குழாயில் பிடித்துப் போய்ச் சோதித்தேன். மலக்கிருமி இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை.

இன்னொரு தடவை பார்ப்பது முறை. முந்தின நாள் சாயங்காலமே அந்தத் தெரு அஞ்சம்மாளிடம் பாட்டில்களைக் கொடுத்து, காலையில் நாலைந்து வீட்டுக் குழாய்களில் பிடித்து வைக்கச் சொல்லியிருந்தேன். தெருவில் அவள் பேச்சுக்கு மதிப்பு உண்டு. காலையில் வண்டியை விட்டு இறங்கி அவள் வீட்டு வேலியோரம் வந்தபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"கொயாலதானே புடிக்கச் சொன்னாரு?" என்றாள் பக்கத்து வீட்டுச் செங்கம்மாள்.

"நீ சும்மா கீறியா? ஊடு தேடி வந்து தண்ணி கேக்கறாரு மனுசன். உப்பும் வாடையுமா கீறதயா குடுத்து அனுப்புவாங்க? மெட்ராசுக்குப் போற தண்ணி. நம்ம ஊரு மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

விருந்தாளிகளுக்கென்று கடையில் வாங்கி வைத்திருந்த கேனைச் சாய்த்து, ஒவ்வொரு பாட்டிலாக நிரப்பி, முந்தானையால் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள் அஞ்சம்மாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைக்கூடத் திறந்தேன் என்று நினைக்கிறேன். அப்புறம், நல்ல மனதோடு செய்கிறவளைச் சங்கடப்படுத்துவானேன் என்று வண்டிக்குத் திரும்பிவிட்டேன். நிரப்பி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு ஹாரன் அடித்தேன்.

சோதனையில் ஒரு கிருமிகூட இல்லை. நான் எந்த எண்ணையும் திருத்தவில்லை சார். இதை நீங்கள் அவசியம் குறித்துக்கொள்ள வேண்டும். வந்ததை வந்தபடி எழுதினேன். வேறு மாதிரி எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? சாக்கடையைக் குடிக்க வைக்கிறார்கள் என்று டிவியில் கத்துவார்கள். தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் ஒன்றுகூடித் திட்டத்தை இழுத்து மூடுவார்கள். அந்தப் பக்கம் எத்தனையோ ஊர். இந்தப் பக்கம் ஒரே ஊர். சுத்திகரிப்பில் உள்ள கோளாறைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றிருந்தேன்.

லாரி நின்றது. அடுத்த மாதம் அஞ்சம்மாள் ஏரிக்கரையில் என்னை வழிமறித்தாள்.

"சார், எம்பொண்ணு பூமிகா தலப்பிரசவத்துக்கு வந்துகீறா. புள்ளத்தாச்சி பொண்ணு. அவுளுக்கு மட்டும் கேன் தண்ணி வாங்கிக் குடுக்கட்டா?"

முதல் தடவை நான் குழாயில் பிடித்ததை அவள் பார்த்திருந்தாள். அந்தத் தண்ணீரை வைத்துத்தான் குடிக்கலாம் என்று சொன்னேன் என நம்பியிருப்பாள். அவள் வீட்டுக்குக் கேன் போனால் தெரு முழுக்கப் பார்க்கும். அவளே குடிக்காத தண்ணீரை வேறு யார் குடிப்பார்கள்?

"எதுக்கும்மா வீண் செலவு? குழாய்த் தண்ணியே நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை கர்ப்பிணிகளின் உயிரைக் கொண்டுபோகும் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மாணவர்களுக்கு நான் எடுக்கும் பாடம் அது.

பூமிகாவுக்குக் கண் மஞ்சளானது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், முடியாதென்று சென்னைக்கு அனுப்பினார்கள். அவளும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. தண்ணீரால் வந்தது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

துக்கத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் மரியாதை இல்லை. அஞ்சம்மாள் எழுந்து வந்து என்னைத் தனியே அழைத்துப் போனாள். 

"சார், உங்ககிட்ட ஒண்ண மறச்சிட்டேன். அன்னிக்கு நான் கொயால புடிக்கல. கேன் தண்ணிய ஊத்திக் குடுத்துட்டேன். உள்ளதக் குடுத்திருந்தா நீங்க கண்டுபுடிச்சிருப்பீங்க. எம்பொண்ண நானே கொன்னுட்டேன் சார்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

என் காலில் விழுந்தாள். தூக்கி உட்காரவைத்து, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை சார். அவள்மேல் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது.