ஒரே முகூர்த்தம் இரண்டு குடும்பங்களுக்குப் பதிவானது குறித்து

ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

நேரில் கேட்டால் எனக்குப் பதில் வராது என்பதால் இதை நானே எழுதித் தருகிறேன். கேட்காமலே எழுதுவதற்கு மன்னிக்கவும்.

என் பெயர் ஜென்சி, வயது 23, த/பெ ஏசுதாசன், சேலையூரில் வசிக்கிறேன். அப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்தவள் நான் மட்டும்தான். கிழக்குத் தாம்பரத்தில் திரு. சுந்தர்சிங் நடத்தும் சிறிய இணையதள நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பள்ளிக்கரணையில் உள்ள ஒரு திருமண மண்டபத்தின் முன்பதிவுத் தளத்தைச் செய்து கொடுத்தது நாங்கள்தான்.

அந்தத் தளம் மிக மெதுவாக இருந்ததால், புதிதாக வந்திருந்த ஒரு பிரேம்வொர்க்கில், அதாவது தளத்தைக் கட்டுவதற்கான ஆயத்தச் சட்டகத்தில், அதை மாற்றலாம் என்று ஆனி மாதம் நான் சொன்னேன். மீட்டிங்கில் நான் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. அதற்கு சுந்தர்சிங் சார், "அதுக்கு இன்னும் வெர்ஷன் ஒன்னே வரலையேம்மா. மத்தவங்க முதல்ல அடி வாங்கட்டும், நாம தை மாசம் எடுத்தா போதாதா?" என்றார். ஆடியில் யாரும் கல்யாணத்துக்கு மண்டபம் பேச மாட்டார்கள், அப்போதே மாற்றிச் சோதித்துவிடலாம் என்று நான் சொன்னேன். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அதன் பிறகு ஆடியில் தளத்தை மாற்றினோம். மண்டபத்துக்கு யாருமே வராததால் தவறும் எதுவும் வரவில்லை. ஒரு நாள் நானும் உடன் வேலை செய்யும் கிருபாவும் எங்கள் இரண்டு போன்களிலிருந்தும் ஒரே தேதிக்கு ஒரே நேரத்தில் பதிவு செய்து பார்த்தோம். இருவருக்கும் உறுதியானதாக வந்தது. கிருபா, "ஒரே நாள், ஒரே மண்டபம். மாப்பிள்ளையாச்சும் வேற வேற தானேடி?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுபடி செய்தபோது அப்படி வரவில்லை. பலர் ஒன்றாக வந்தால் பழைய விவரமே திரையில் நிற்கக்கூடும் என்று அந்த பிரேம்வொர்க்கின் குறிப்பில் ஒரு வரி இருந்தது. அப்படி நின்றால் பதிவாகிவிட்ட தேதியும் காலி என்றே காட்டும். அதை நான் முன்பே படித்திருந்தேன். ஆபீஸ் வைஃபை கோளாறு என்று கிருபாவிடம் சொன்னேன். அதன் பிறகு சார், "டெஸ்டெல்லாம் ஓகேவா ஜென்சி? உன்ன நம்பித்தான் போறேன்" என்று கேட்டபோது, "ஓகே சார்" என்றேன்.

அதன் பிறகு மண்டபத்துக்குப் போய் மேலாளர் திரு. அச்சுதனுக்குப் புதிய தளத்தைச் சொல்லிக்கொடுத்தேன். திரையில் காலி என்று காட்டினால் யோசிக்காமல் கொடுக்கலாம் என்றேன். அவர் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார்.

ஆவணி பிறந்ததும் ஐப்பசி முகூர்த்தங்களுக்கு ஒரே நேரத்தில் பலர் பதிவு செய்தார்கள். அதில் ஒரு தேதி, மண்டபத்து கவுண்டருக்கு நேரில் வந்த ஒரு குடும்பத்துக்கும், கேளம்பாக்கத்திலிருந்து போனில் பதிவு செய்த இன்னொரு குடும்பத்துக்கும் உறுதியாகிவிட்டது. இரண்டு ரசீதும் அச்சுதன் பெயரில்தான் அச்சாகும். நேற்று இரு குடும்பத்தாரும் மேடை அலங்காரத்துக்கு அளவெடுக்க ஒரே சமயத்தில் வந்திருக்கிறார்கள். "எங்க தேதிக்கு நீங்க இன்னாத்துக்கு அளக்கறீங்க?" என்று தொடங்கிய சண்டை, அச்சுதன் இருவரிடமும் முன்பணம் வாங்கி ஏமாற்றிவிட்டார் என்ற புகாரில் முடிந்தது. கேள்விப்பட்டதும் நானாகவே இங்கு வந்தேன்.

காவல் நிலையத்து வாசல் பெஞ்சில் அச்சுதன் மண்டபத்துச் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ ஏம்மா இங்கெல்லாம் வர்ற? வூட்டுக்குப் போ. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல கீது" என்றார். நான் அவரைக் கடந்து உள்ளே வந்து, எழுதத் தாள் கேட்டேன்.

அவர் எதையும் தப்பாக அமுக்கவில்லை. நான் காட்டிய திரையை நம்பினார். தவறு இருப்பது எனக்கு முன்பே தெரியும். சாருக்கும் கிருபாவுக்கும் தெரியாது.

இதில் யாரும் சொல்லிக்கொடுத்து நான் எழுதியது எதுவும் இல்லை. எழுதியதெல்லாம் நடந்தது. கையெழுத்து வாங்கும் முன் எழுதியவருக்கு ஒரு முறை வாசித்துக் காட்டுவார்கள் என்று இங்குள்ள பெண் காவலர் சொன்னார். அச்சுதன் அண்ணாவை உள்ளே அழைத்து, அவர் முன்னால் இதை நானே வாசிக்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு கையெழுத்திடுகிறேன்.