புது லேப்டாப் எதுக்கு

நீலா: ...அதுல வைஃபை ஏழு இருக்காம். நம்மதுல அஞ்சுதான்.

விரூபா: தார்வாட் முழுக்க இன்டர்நெட் லைன் இழுக்கிறவன் உன் புருஷன் நான். என்கிட்டயே வைஃபை கதையா?

நீலா: வேகமா வருமாமே.

விரூபா: எங்கேருந்து வரும்? சுவத்துல தொங்குற வைஃபை பெட்டி பழசு. லேப்டாப்பை மட்டும் மாத்தினா... குழாயை மாத்திட்டுத் தண்ணி அதிகமா வரும்னு நிக்கிற மாதிரி.

நீலா: அப்போ பெட்டியையும் மாத்துங்க.

விரூபா: உன் வேலைக்கு இதுவே தாராளம் நீலா. எந்த லாரி எங்க நிக்குதுன்னு பாக்கணும், எங்க போகணும்னு சொல்லணும். அதுக்கு எதுக்கு...

நீலா: மீட்டிங் இருக்கே. குரல் விட்டு விட்டு வருது.

விரூபா: நேத்து நீ மீட்டிங்ல இருந்தப்போ பக்கத்துல உக்காந்துதான் ரொட்டி தின்னேன். தெளிவா வந்துச்சு.

நீலா: உங்களுக்கு வந்துச்சு...

விரூபா: என்னது?

நீலா: ஒண்ணுமில்ல. வைஃபையை விடுங்க. புளூடூத்தும் புதுசு.

விரூபா: அதுல என்ன கேக்கப் போற, பாட்டா? வீட்டுல ரெண்டு ஹெட்போன் சும்மா கிடக்கு.

நீலா: ஹெட்போன் போட்டும் எனக்குச் சரியா கேக்கலங்க.

விரூபா: எப்போலேருந்து?

நீலா: போன மாசம் மருந்து லாரி ஒண்ணு கோலாப்பூர் போயிடுச்சுல்ல, டிரைவர் தப்புன்னு சொன்னேனே... மேனேஜர் சொன்னது சோலாப்பூர். என் காதுல விழுந்தது கோலாப்பூர்.

விரூபா: அந்த டிரைவர் என்ன ஆனான்?

நீலா: ஆபீஸ்ல அன்னைக்கே என் தப்புதான்னு சொல்லிட்டேன். உங்ககிட்டதான் மாத்திச் சொன்னேன். அப்புறம் ஹூப்ளி போய் டாக்டர்கிட்ட காதைக் காட்டினேன்.

விரூபா: தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னியே, அன்னைக்கா?

நீலா: ம். ரெண்டு காதுக்கும் மெஷின் வாங்கிட்டேன். அங்க ஒரு புது லேப்டாப்போட சேத்துக் காட்டினாங்க. கம்பி கிடையாது, ஹெட்போன் கிடையாது, பேசறது நேரா காதுக்குள்ள வருது. மெஷின் காட்டின பொண்ணு சோலாப்பூர், கோலாப்பூர்னு மாத்தி மாத்திச் சொல்லிப் பாத்தா... ஒண்ணுகூடத் தப்பல. அங்கேயே அழுதுட்டேன். நம்ம லேப்டாப்போட அது சேராதாம்.

விரூபா: இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?

நீலா: நாப்பத்திரண்டு வயசுலயே காது மெஷினான்னு... வெக்கமா இருந்துச்சு. நீங்க என்ன நினைப்பீங்களோன்னு.

விரூபா: நான் நினைக்கிறது இருக்கட்டும். ஸ்கூட்டர் சாவி தேடினப்போ அந்த மெஷினை உன் பையில பாத்துட்டேன். எந்த லேப்டாப் அதோட சேரும்னு போன வாரமே கடையில விசாரிச்சாச்சு. நீயா வாயைத் திறக்கட்டும்னுதான் இவ்வளவு நேரம் வம்பு பண்ணினேன். கிளம்பு... நாலு மணிக்கு உன்னை மெஷினைப் போட்டுக்கிட்டே கடைக்கு வரச் சொல்லியிருக்காங்க.